தன் கலையும் ஊர்ப் பட்டறையும்

கலை கற்றவனுக்குச் சோறு கிடைக்குமா என்ற கேள்வி நம் நாட்டில் மிகப் பழையது. மருத்துவம் படிப்பவனையும் பொறியியல் படிப்பவனையும் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. துணியில் சித்திரம் தீட்டுகிறேன், சாயமிடுகிறேன், பூவேலை செய்கிறேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்துத்தான் பெற்றோர் பெருமூச்சு விடுகின்றனர். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமலும் இல்லை. முதல் தேதி சம்பளம் என்பது அத்தொழிலில் கிடையாது. ஒரு மாதம் நான்கு துணிகள் விற்கும். அடுத்த மூன்று மாதம் ஒன்றும் விற்காது.

ஆகவே துணிக்கலையில் ஈடுபட்ட பலர் இரண்டு பணிகளைச் சேர்த்தே மேற்கொள்கின்றனர். ஒன்று, தம் கற்பனைக்கு உகந்தவற்றைச் சுயேச்சையாகப் படைத்து விற்பது. மற்றொன்று, ஊர்ப் பெண்களையும் இளைஞர்களையும் கூட்டி, கைவினை கற்பிக்கும் பயிற்சிப் பட்டறை நடத்துவது. முன்னது தனிமையை வேண்டுவது. பின்னது கூட்டத்தை வேண்டுவது. இரண்டையும் ஒரே ஆள் சுமக்கும்போது, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும் அபாயம் உண்டு. இவ்விரண்டையும் இசைவுபடுத்த முடியுமா? முன்னோர் சிலர் செய்து காட்டிய வழிகளையும், அவை நம் ஆலங்குளம் வட்டாரத்துக்கு எவ்வாறு பொருந்தும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

சோழமண்டலம் காட்டிய வழி

சென்னையில் 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியே பின்னாளில் அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. 1957 முதல் பத்தாண்டுக் காலம் அதன் முதல்வராக இருந்தவர் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர். தம்மிடம் பயின்ற திறமைமிக்க மாணவர்கள் படிப்பு முடிந்ததும் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து தூரிகையை மறந்துவிடுவதைக் கண்டு அவர் வருந்தினார். ஓவியத்தை வாங்குவோர் அந்நாளில் மிகச் சிலரே. ஆனால் அழகான கைவினைப் பொருளை வாங்குவோர் இருந்தனர். இந்த வேறுபாட்டை அவர் கண்டுகொண்டார்.

1960-களின் தொடக்கத்தில் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. கலைஞர்கள் தம் நேரத்தின் ஒரு பகுதியைப் பத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை ஆகியவற்றுக்கு ஒதுக்கினர். எஞ்சிய நேரம் முழுவதும் அவரவர் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரியது. விற்பனையில் ஒரு பங்கு பொது நிதியில் சேர்ந்தது. அந்த நிதியைக் கொண்டு 1966-இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் மணல்மேட்டு நிலத்தை வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். தொடக்கத்தில் இருந்தவை ஓலைக் குடிசைகளே. ஓவியம் வரைவோர் ஊர் ஒன்றைக் கட்டியது ஓவியம் விற்ற பணத்தால் அன்று. துணியில் மெழுகு பூசிச் சாயமிட்டு விற்ற பணத்தால் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. 1977-இல் பணிக்கர் மறைந்த பின்னும் அக்கிராமம் நிலைத்தது. சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் ஒன்றும் 2009-இல் அங்கே திறக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. முதலாவது, கைவினையைக் கலைக்குப் பகையாகக் கருதாமல் துணையாகக் கொள்ளலாம். இரண்டாவது சற்றுக் கசப்பானது. காலப்போக்கில் ஓவியங்கள் விலைபோகத் தொடங்கவே, அங்கே கைவினைப் பணி சுருங்கிற்று. அதில் குற்றமில்லை, கைவினை அவர்களுக்கு ஓர் ஊன்றுகோல், கால் வலுத்ததும் கோலைக் கீழே வைத்தனர். ஆனால் அதே கைவினையை நம்பி ஊர்ப் பெண்கள் ஐம்பது பேர் வாழ்ந்திருந்தால் அவர்கள் நிலை என்னவாகும்? ஊருக்காகப் பட்டறை தொடங்குபவர், தாம் விலகும் நாளையும் எண்ணிப் பார்த்தே தொடங்க வேண்டும்.

பகிரக் கூடியதும் பகிர முடியாததும்

பத்திக் என்பது மெழுகைத் தடையாகக் கொண்டு சாயமிடும் முறை. துணியில் எந்த இடம் வெள்ளையாக இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் உருகிய மெழுகைப் பூசுவர். பின் வெளிர் நிறச் சாயத்தில் முக்கி உலர்த்துவர். அந்த வெளிர் நிறம் நிலைக்க வேண்டிய இடங்களுக்கு மீண்டும் மெழுகிட்டு, அடுத்து அழுத்தமான நிறத்தில் முக்குவர். இறுதியில் கொதிநீரில் அலசினால் மெழுகு கழன்று சித்திரம் முழுமையாக வெளிப்படும். தேன்மெழுகு ஒட்டும் தன்மை உடையது. பாரஃபின் மெழுகு நொறுங்கும் தன்மை உடையது. இரண்டையும் கலக்கும் அளவைப் பொறுத்தே துணியில் சிலந்தி வலை போன்ற வெடிப்புக் கோடுகள் மிகுவதும் குறைவதும் நிகழும்.

தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகும். எனவே சாயத்தொட்டி சூடாக இருத்தல் கூடாது. குளிர்ந்த நீரிலேயே பருத்தியைப் பற்றிக்கொள்ளும் எதிர்வினைச் சாயங்கள் 1956-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. சிறு பட்டறைகளிலும் வீட்டுத் தாழ்வாரங்களிலும் இக்கலை பரவ அவை பெரிதும் உதவின.

இச்செய்முறையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். துணியைக் கஞ்சி நீங்க அலசுவது, மெழுகு காய்ச்சுவது, பரந்த இடங்களில் மெழுகு நிரப்புவது, சாயம் முக்குவது, உலர்த்துவது, மெழுகு நீக்குவது ஆகிய அனைத்தையும் பலர் சேர்ந்து செய்யலாம். பிறருக்குச் சில வாரங்களில் கற்பிக்கவும் செய்யலாம். சித்திரத்தைக் கற்பனை செய்வதும், எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம் என்று தீர்மானிப்பதும், உயிர்க்கோட்டை இழுப்பதும் அவ்வாறு பகிரக் கூடியவை அல்ல. தன் கலையையும் பட்டறையையும் சேர்த்து நடத்த விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பிரிவினைதான். பகிரக் கூடிய வேலையைத் தானே கட்டிக்கொண்டு அழுபவருக்குக் கலைக்கு நேரமிராது. பகிர முடியாததைப் பிறரிடம் தள்ளிவிடுபவருக்குக் கலையே இராது.

அலுவிகாரையில் ஒரு பட்டறை

இப்பிரிவினையை அழகுறச் செய்து காட்டியவர் இலங்கையின் எனா டி சில்வா. 1922-இல் பிறந்த இவர், 1960-களில் கொழும்பில் பத்திக் கலைக்குப் புத்துயிர் அளித்தவர். மகன் அனில் ஜயசூரியாவும் ஓவியர் லக்கி சேனநாயக்கவும் உடனுழைக்க, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை கடற்கரை விடுதியின் கூரைக்குப் பத்திக் துணிகளை ஆக்கித் தந்தார். 1980-களின் தொடக்கத்தில் காமன்வெல்த் அமைப்பின் கைவினை ஆலோசகராகக் கரீபியன் கடலிலுள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்குச் சென்றார். திரும்பிய பின் தலைநகரில் தங்காமல், மாத்தளைக்கு அருகிலுள்ள தம் பூர்வீக ஊரான அலுவிகாரையிலேயே குடியமர்ந்து, ஊர்ப் பெண்களைக் கொண்டு பத்திக், பூத்தையல் பட்டறைகளை வளர்த்தார். பின்னர் மரவேலையும் பித்தளை வேலையும் சேர்ந்தன. 2015-இல் மறையும் வரை அவரது வாழ்வு அந்தப் பட்டறையோடு பிணைந்திருந்தது.

அதே இலங்கையில் பார்பரா சன்சோனி என்ற ஓவியர், கன்னியர் மடத்துச் சகோதரிகளின் வேண்டுகோளை ஏற்று, அங்கிருந்த பெண்கள் நெய்யும் துணிகளுக்கு வண்ணம் அமைத்துக் கொடுக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் பேர்ஃபுட் என்ற பெயரில் அது பெரிய நிறுவனமாகவே வளர்ந்தது. தறியில் அமர்ந்தோர் கிராமப் பெண்கள். பாவிலும் ஊடையிலும் எந்த நிறம் எத்தனை இழை என்று எழுதிக் கொடுத்தவர் அவர். 2022-இல் காலமாகும் வரை ஓவியத்தையும் எழுத்தையும் அவர் கைவிடவில்லை. பட்டறை அவர் கலையை விழுங்கவில்லை. கலை வளர வளரப் பட்டறைக்கும் புதிய வண்ணங்கள் கிடைத்தன.

நம் நாட்டிலும் இத்தகைய இணைப்புக்குச் சான்று உண்டு. 1950-களின் பிற்பகுதியில் நிறுவப்பட்ட நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்களை அமர்த்தி, நெசவாளருக்குப் புதுக் கோலங்களை வரைந்து தரச் செய்தனர். தமிழ்ப் பத்திரிகை வாசகர் நன்கறிந்த ஓவியர் கே. எம். ஆதிமூலம் அத்தகைய மையத்தில் பணிபுரிந்தவரே.

சுங்குடி தரும் எச்சரிக்கை

பட்டறையில் கற்பிப்பது எது என்பதிலும் கவனம் வேண்டும். மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்வோம். சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கலை அது. துணியை விரல் நுனியால் கிள்ளி, நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் முக்கிப் பின் அவிழ்த்தால், கட்டிய இடமெல்லாம் வெண்புள்ளியாக மலரும். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழும். 2005-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் கோலம் முடிவு செய்பவர் ஒருவர், சாயமிடுபவர் ஒருவர், விற்பவர் ஒருவர். வீட்டில் அமர்ந்து முடிச்சிடும் பெண்ணோ கூலிக்கு உழைப்பவள் மட்டுமே. அச்சிட்ட போலிச் சுங்குடி மலிவு விலையில் கடைக்கு வந்தபோது முதலில் அடிபட்டது அவள் கூலிதான்.

ஆகவே, பட்டறையில் விரல் வேலையை மட்டும் கற்றுக்கொடுத்தால், கூலியாட்களின் எண்ணிக்கையில் இன்னும் பத்துப் பேரைக் கூட்டியவர் ஆவோம். துணி எங்கே வாங்குவது, சாயம் எவ்வளவு கலப்பது, விலை எப்படி வைப்பது, சரக்கை யாரிடம் கொடுப்பது ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பித்தால்தான் தொழிலைக் கற்பித்தவர் ஆவோம்.

நம் வட்டாரத்தின் நிலை

நம் ஆலங்குளம் பகுதி கரிசல் பூமி. மழையை நம்பிப் பருத்தி விளைந்த மண் இது. மேற்கே ராஜபாளையத்தில் பஞ்சாலைகள். அங்கிருந்து நம் பக்கம் வரும் வழியிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவத்துக்கான கட்டுத்துணி நெசவு. ஊரிலேயே 1970-களில் புகழ்பெற்ற அரசு சிமெண்டு ஆலை. கிழக்கே சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து இங்கே நட்டனர். வெளியூர் சென்று கற்றதைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து பலர் கைக்கு மாற்றியதால்தான் ஒரு வறண்ட பகுதி பிழைத்தது. நாம் பேசும் பட்டறையின் தத்துவமும் அதுவே.

ஆயினும் ஒரே தொழிலை நம்பும் ஊருக்கு ஆபத்தும் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுத் தயாரிப்புக்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. அத்தீர்ப்பை அடுத்து ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவரும் பட்டாசு வேலைக்கே செல்பவராக இருந்தால் அம்மாதங்களில் அடுப்பெரிவது எப்படி? வெடிவிபத்தின் அச்சம் வேறு ஒவ்வொரு கோடையிலும் நம்மைத் தொடர்கிறது. துணிக்கலைப் பட்டறை இத்தொழில்களுக்கு மாற்றாக உடனே வந்துவிடும் என்று சொல்வது ஏமாற்று வேலை. ஆனால் வீட்டில் இரண்டாவது வருவாய் ஒன்று இருப்பது, மூடிய கதவின் பக்கத்தில் ஒரு சன்னல் இருப்பதைப் போன்றது.

பட்டறைக்கான காலத்தையும் நம் ஊர் வாழ்க்கையே வகுத்துத் தருகிறது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பெண்கள் கைக்கு ஓய்வில்லை. அப்போது பட்டறை வைத்தால் யாரும் வரமாட்டார்கள். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களும், பொங்கலை ஒட்டிய நாட்களும் ஏற்றவை. கலைஞரோ தீபாவளிக்கு முந்தைய விற்பனைக் காலத்தில் தன் சொந்தப் படைப்புகளில் முழுமூச்சாக ஈடுபடலாம். ஆண்டு முழுவதும் தினம் இரண்டு மணி என்று இழுப்பதைவிட, ஆறு வாரப் பயிற்சியை ஆண்டுக்கு இருமுறை நடத்துவது இருவருக்கும் நலம் தரும்.

நேரக் கணக்கும் பணக் கணக்கும்

பட்டறை நடக்கும் வாரங்களிலும் நாட்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, மூன்று நாள் சொந்தப் படைப்பு, இரண்டு நாள் பட்டறை, ஒரு நாள் கொள்முதல், கடிதம், கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். சொந்த வேலைக்கு உடலும் மனமும் தெளிந்திருக்கும் காலை வேளையை ஒதுக்குவது அறிவுடைமை. மிஞ்சிய நேரத்தில் வரைந்துகொள்ளலாம் என்று நினைப்பவருக்கு நேரம் மிஞ்சுவதே இல்லை.

பணத்துக்கும் இரண்டு பேரேடுகள், இரண்டு வங்கிக் கணக்குகள் வேண்டும். பட்டறைச் சாயத்தைச் சொந்தத் துணிக்கும், சொந்தத் துணி விற்ற பணத்தைப் பட்டறை வாடகைக்கும் போட்டுக் குழப்பினால், எது ஓடுகிறது எது நொண்டுகிறது என்பது தெரியாமலே இரண்டும் படுத்துவிடும். பட்டறைக் கணக்கில் பயிற்றுநர் ஊதியம் என்ற ஒரு வரி கட்டாயம் இருத்தல் வேண்டும். சேவை என்று சொல்லி ஊதியமே எடுக்காமல் நடத்தினால், அவர் களைத்துப்போகும் நாளில் அவ்விடத்துக்கு வேறொருவர் வர முடியாது. பட்டறையும் அன்றே முடியும்.

விலை வைப்பதில் பலர் தவறுவதால் அதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்குவோம். ஒரு மேலாடைக்குத் துணி ரூ. 250, மெழுகும் சாயமும் ரூ. 100, எரிபொருள் ரூ. 30, பத்து மணி உழைப்புக்கு மணிக்கு ரூ. 60 வீதம் ரூ. 600 என்று கொள்வோம். கூட்டினால் ரூ. 980. தேய்மானம், பழுது ஆகியவற்றுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் ரூ. 1,078. இதைக் கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் விற்பனை விலையில் முப்பது விழுக்காடு கழிவு கேட்கிறார். பலர் 1,078-உடன் முப்பது விழுக்காடு கூட்டி ஏறத்தாழ ரூ. 1,400 என்று விலை எழுதுவர். அவ்வாறெனில் கடைக்கு ரூ. 420 போக மிஞ்சுவது ரூ. 980 மட்டுமே, தேய்மானப் பணம் போயிற்று. சரியான விலை, 1,078-ஐ எழுபதால் வகுத்து நூறால் பெருக்கி வரும் ரூ. 1,540. கழிவு ரூ. 462 போக, நமக்குரிய ரூ. 1,078 அப்படியே கைக்கு வரும். இந்த ஒரு கணக்கைப் பட்டறையில் எழுதிப்போட்டுக் கற்பித்தாலே பெரும் தொண்டாகும்.

கோலத்தின் உரிமையையும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். கலைஞர் தம் பெயரில் விற்கும் கோலங்கள் வேறு. பட்டறைக்கென்று வகுத்து அனைவரும் செய்துகொள்ள விட்டுக்கொடுத்த கோலங்கள் வேறு. இதை வாய்ச்சொல்லாக விடாமல் எழுதி வைத்தால், பிற்பாடு மனக்கசப்புக்கு இடமிராது.

உதவிக்கு நிற்கும் அமைப்புகளையும் நாடலாம். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று ஊர்தோறும் வேரூன்றியுள்ளது. சேமிப்பும் கடனும் அறிந்த அப்பெண்களே பட்டறையின் முதல் மாணவியர் ஆகலாம். 1973 முதல் இயங்கும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களும், மத்திய அரசு வழங்கும் கைவினைஞர் அடையாள அட்டையும் சந்தைக்கு வாயில்களாம்.

பாதுகாப்பு

தீயோடு வாழும் நம் பகுதியில் இதைச் சொல்லாமல் விடலாகாது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்தல் கூடாது; நீருள்ள பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரத்தை வைத்தே உருக்க வேண்டும். புகை கிளம்பினால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். மெழுகில் தீப்பற்றினால் நீர் ஊற்றவே கூடாது; ஊற்றினால் நீர் சட்டென ஆவியாகி எரியும் மெழுகை நாற்புறமும் சிதறடிக்கும். மூடியால் மூடியோ மணலைக் கொட்டியோ அணைக்க வேண்டும். சாயத்தூளை அள்ளும்போது மூக்கையும் வாயையும் மறைத்துக்கொள்ளுதலும், கைக்கு உறை அணிதலும் இன்றியமையாதவை. தீங்கு விளைவிக்கும் சில அசோ சாயங்களுக்கு ஜெர்மனி 1994-இலும் இந்தியா 1997-இலும் தடை விதித்தன. ஆகவே பெயரற்ற மலிவுச் சாயத்தை வாங்காதிருப்பது உடலுக்கும் வாணிபத்துக்கும் நல்லது. சாயக் கழிவுநீரைக் கண்மாய்க்கும் கிணற்றடிக்கும் விடாமல் தனியே தேக்க வேண்டும். நீரருமை உணர்ந்த ஊர் நம்முடையது.

முடிவுரை

தன் கலையும் ஊர்ப் பட்டறையும் ஒன்றையொன்று தின்னும் என்பது பொதுவான அச்சம். ஆராய்ந்து பார்த்தால், தின்பது பட்டறை அன்று, திட்டமின்மையே. பகிரக் கூடியதைப் பகிர்ந்து, பகிர முடியாததைக் காத்து, நேரத்துக்கும் பணத்துக்கும் வரப்புக் கட்டினால் இரண்டும் ஒரே கிணற்று நீரில் விளையும் இரு வயல்களாகும். ஆண்டுதோறும் பட்டறைக்குத் தன் தேவை குறைந்துவருகிறதா என்று கலைஞர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே பயின்ற பெண் ஒருத்தி அடுத்த அணிக்குப் பாடம் நடத்தும் நாளே அப்பட்டறை வென்ற நாள்.

மாணவ நண்பர்களே! நம்மில் நன்றாக வரையத் தெரிந்தவர்கள் உண்டு. பூவேலையில் கைதேர்ந்த மாணவியர் உண்டு. பட்டம் பெற்றபின் வேலைக்கு விண்ணப்பிப்பதோடு, அந்தக் கைத்திறனையும் கைவிடாதிருங்கள். வரும் தீபாவளி கழிந்து பட்டாசு ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில், உங்கள் தெருவில் ஒரு திண்ணையும், பத்துப் பெண்களும், ஒரு சட்டி மெழுகும் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.